சைக்கிளுடன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்க மாட்டேன். ஏழு வருடமாக இந்த ஊரில் கடிதம் பட்டுவாடா செய்தவள் நான். அஞ்சலட்டையில் கண்ணில் பட்டதை வைத்துச் சொல்கிறேன், அந்த வரியை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். நான் நலமாக இல்லை. ஆனால் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, கோபம் நன்றாகவே வருகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணி சௌக்கியமா?

ஃபோனில் கூப்பிடாதே. பத்தொன்பது நாள் தொண்டைக்குள் குழாய் கிடந்ததில் என் குரல் தகர டப்பாவுக்குள் ஆணி உருளுகிற மாதிரி இருக்கிறது. போன வாரம் அண்ணியே “யாருங்க பேசறது?” என்று கேட்டார்கள். மூன்று வாக்கியம் பேசினால் இருமல். அதனால் கடிதம்தான். தபால்காரி வீட்டிலிருந்தே கடிதம் போகாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மாடிக்குப் பதினேழு படி. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து ஏறுகிறேன். நிமோனியா ரத்தத்தில் கலந்து உடம்பையே தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். தின்றது என் தொடையைத்தான். பேண்ட் கொடியில் தொங்குவது போல என் மேல் தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மா நிற்கிற சைக்கிளில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது நிமிடம் இறக்கிவிட்டார்கள். தினமும் பதினெட்டு கிலோமீட்டர் மிதித்தவளை, மூன்று நிமிடத்தில்!

என் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் பூட்டியிருக்கிறது. நீ ஊருக்குக் கிளம்பும்போது பூட்டியதை வீட்டுக்கார அம்மா பார்த்திருக்கிறார். சாவி எங்கே? என் விடுப்பு ஆகஸ்ட் மூன்றாம் தேதி முடிகிறது. நாலாம் தேதி காலை நான் என் பீட்டில், அந்தப் பதினான்கு தெருவில், பையோடு இருப்பேன். சாவியை அனுப்பு.

உன் தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். முதுகுவலி என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. உன் கடிதத்தை அண்ணி சத்தமாகப் படித்தாள். உன் குரலிலேயே கேட்டது போல இருந்தது, பழைய குரலில்.

வேலை நிறைய. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் வாரம் ஒரு முறை நடுவழியில் நிற்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவர் என்னைப் பார்த்ததும், “நான் பதினஞ்சு நிமிஷமா உள்ள இருக்கேன், எனக்கு நஷ்டஈடு யார் குடுப்பா?” என்று கேட்டார். வெளியே வந்து இரண்டு படி இறங்கியதும் மூச்சு வாங்கினார்.

சாவியைத் தேடுகிறேன். என் டூல்ஸ் பைக்குள் எங்காவது விழுந்திருக்கும். அவசரம் என்ன? டாக்டர் உன்னிடம் சொன்னது கொஞ்சம்தான், என்னிடம் சொன்னது அதிகம். நன்றாகச் சாப்பிடு. ஓய்வெடு. ஆபீஸ் பக்கம் போக வேண்டாம். அங்கே சொல்ல வேண்டியதை எல்லாம் நான் சொல்லிவிட்டேன். ஓய்வுதான் இப்போது உனக்கு மருந்து.

அன்புடன்
அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். பதினேழு படியில் இப்போது ஒரு தடவைதான் உட்காருகிறேன். அங்கே உங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

சாவி தேட வேண்டாம். எதிர் வீட்டுப் பிளம்பரிடம் ரம்பம் வாங்கி நானே பூட்டை அறுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் அறுப்பது, பத்து நிமிடம் சுவரில் சாய்வது. வீட்டுக்கார அம்மா மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்தப் பிடிவாதம்? பொழச்சதே பெருசு.”

“பொழச்சதுக்கு அப்புறம் என்னம்மா செய்யணும்? ஷோகேஸ்ல உக்காரணுமா?”

இருமல் வந்து பாதியில் நின்றுவிட்டது. இல்லாவிட்டால் இன்னும் சொல்லியிருப்பேன்.

பிசியோ அம்மா ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். மிதிக்கும்போது முழுசாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், நடுவில் மூச்சு வாங்காமல். சொல்ல முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் குறைக்க வேண்டும். “உங்களுக்கு மனப்பாடமா என்ன தெரியும்?” என்று கேட்டார்கள். எனக்கு விலாசம்தானே தெரியும்! “பதினோராம் நம்பர், மேட்டுத்தெரு மூணாவது சந்து, பச்சைக் கதவு, பின்பக்கப் படி, நாய் இருக்கு.” முதல் நாள் ‘பச்சை’யிலேயே மூச்சு போய்விட்டது. நேற்று நாய் வரைக்கும் வந்தேன். அந்த நாயை நினைத்தால் கொஞ்சம் வேகமும் வருகிறது.

ரோட்டிலும் ஓட்டிப் பார்த்தேன். மூலைக்கடை வரை, நானூறு மீட்டர். சீட்டை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டேன். வலது பாதம் மிதியிலிருந்து நழுவுகிறது, அதனால் பழைய பெல்ட்டை வெட்டி வளையம் போட்டிருக்கிறேன்.

மூலைக்கடையில் என்ன பார்த்தேன் தெரியுமா? மேட்டுத்தெருவுக்கான கடிதங்கள் எல்லாம் சர்க்கரை மூட்டைக்கு அடியில் கிடக்கின்றன. என் பீட்டை இப்போது ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறவர் மொபெட்டில் வருகிறார். மேட்டில் ஏறினால் எஞ்சின் சூடாகிறதாம், அதனால் கடையில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார். டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மா ஒருவர் மேட்டுத்தெருவில் இருக்கிறார். அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தேதி அட்டை அந்த மூட்டைக்கு அடியில் ஒன்பது நாள் கிடந்தது. தேதி போய்விட்டது. கீழே இருக்கிற பங்களா வரிசையில் இப்படி ஒரு கடிதம் ஒரு நாள் தாமதமாகட்டும், ஆபீஸே பற்றி எரியும்.

என்னை ஓய்வெடுக்கச் சொல்கிறாய். லிஃப்ட் மெக்கானிக் நீ. ஊரில் யாரும் படி ஏறக் கூடாது என்பதுதானே உன் பிழைப்பு!

உன் தங்கை


ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. உடம்பு எப்படி இருக்கிறது? எடை கூடியதா?

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பூட்டை அறுத்திருக்க வேண்டாம். நல்ல பூட்டு.

நான் சொல்வதைக் கொஞ்சம் யோசி. வேலை என்றால் சைக்கிள் வேலை மட்டும்தானா? உட்கார்ந்து செய்கிற வேலை எத்தனையோ இருக்கிறது. இங்கே எங்கள் கம்பெனியிலேயே புகார் ஃபோன் எடுக்கிற இடம் காலியாகப் போகிறது. குரல் சரியானதும் வந்துவிடேன். அண்ணிக்கும் துணை. மேட்டுத்தெருக்காரர்கள் உன்னை நம்பியா பிறந்தார்கள்?

இங்கே வெயில் அதிகம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்
அண்ணன்


மே 19

அண்ணாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், சமாளித்துப் படி. வார்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். பயப்படாதே, குழாய் எதுவும் இல்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது. நீ கிளம்பி வர வேண்டாம்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். போன மாதக் கடைசியில் சமதரையில் ஆறு கிலோமீட்டர் வந்துவிட்டேன். ஒரு விலாசம் என்ன, ஒரு மூச்சில் இரண்டு விலாசம் சொன்னேன். தலைக்கனம் ஏறிவிட்டது. பதினான்காம் தேதி மேட்டுத்தெரு அடிவாரத்தில் அந்த மொபெட்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“என்னக்கா, எக்ஸர்சைஸா? உங்க எடத்தைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு இந்த பாடு?”

நேரே மேட்டில் ஏற்றினேன். இறங்காமல், ஒரே மிதியாக. இரண்டாவது வளைவில் கண் இருட்டியது. மேட்டுத்தெருப் பெண்கள் நாலு பேர் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து இறக்கினார்கள். சைக்கிளையும் ஒருத்தி உருட்டிக்கொண்டே வந்தாளாம்.

பிசியோ அம்மா வார்டுக்கே வந்து திட்டினார்கள்.

“நல்லா இருந்த காலத்துல அந்த மேட்டுல எறங்காமயே போவீங்களா?”

“இல்ல மேடம். எறங்கித் தள்ளிட்டுத்தான் போவேன். எல்லாரும் அப்படித்தான்.”

“அப்போ இது ஒடம்பைத் தேத்தறதுக்கு இல்ல. எவனுக்கோ பதில் சொல்றதுக்கு. அந்த எவனோ வந்து உங்களுக்கு நெஞ்சு அமுக்குவானா?”

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் சொன்னது சரி என்பதால்தான். இப்போது மறுபடியும் மூன்று நிமிடத்திலிருந்து ஆரம்பம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ‘உங்க எடத்தைத்தான் எடுத்தாச்சே’ என்று அவர் ஏன் சொன்னார்? நான் விடுப்பில்தானே இருக்கிறேன்? உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் தங்கை


ஜூன் 1

என் அன்பு நாத்தனாருக்கு,

நீ வார்டிலிருந்து வீடு திரும்பியிருப்பாய் என்று நம்புகிறேன். காய்ச்சல் மறுபடி வரவில்லையே? நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணனும் நன்றாக இருக்கிறார், இரண்டு வேளை சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டு.

நீ கேட்ட கேள்விக்கு அவர் பதில் எழுதிப் பார்த்தார். மூன்று தாள் கிழித்துவிட்டார். ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் அதை நான் சொல்ல மாட்டேன். அவர் வாயால் வரட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். வரவில்லை. இனியும் காத்திருந்தால் ஆகஸ்ட் வந்துவிடும்.

நீ உன் ஆபீஸுக்குப் போ. உன் ஃபைலைக் கேள். பிப்ரவரி மூன்றாம் தேதித் தாளைப் பார்.

நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்
அண்ணி


ஜூன் 12

அண்ணனுக்கு,

குசலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஆபீஸுக்குப் போனேன். எங்கள் தலைமை எழுத்தரை உனக்குத் தெரியும். எதை எடுத்தாலும் முத்திரை குத்துவதால் நாங்கள் ‘சீல்’ என்று கூப்பிடுவோமே, அவர்தான். ஃபைலைத் திறந்து என் முன்னால் வைத்தார். ‘மருத்துவ ஓய்வு கோரும் விண்ணப்பம்.’

“சரிதானே சார்? லீவு கேட்டிருக்கு.”

“விடுப்புன்னாத்தான் லீவு. ஓய்வுன்னா ஓய்வு. பணி ஓய்வு.”

“எனக்கு முப்பத்தி ரெண்டு வயசு சார்!”

“அதான் ‘மருத்துவ’ன்னு முன்னாடி போட்டிருக்கு. ஆகஸ்ட் மூணோட நீங்க ரிலீவ்.”

கீழே ‘பணியாளருக்காக’ என்று போட்டு உன் கையெழுத்து. நான் குழாயோடு கிடந்த நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில் வாங்கியிருக்கிறார்கள். ஒரு ஆள் போனால் அந்த இடத்தையே சாகடித்துவிட்டு ஒப்பந்தத்துக்கு விடலாம். நோயாளி பேச முடியாமல் கிடக்கும்போது தாளோடு வந்து நிற்கிறவர்களுக்கு எவ்வளவு அக்கறை பார்!

இது செல்லாது என்று அங்கேயே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். சீல் என் கையெழுத்தைப் பழைய ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டார்.

“இது உங்க கையெழுத்து மாதிரி இல்லையே.”

“கை நடுங்குது சார். வியாதி.”

“கை நடுங்கினா ஹேண்டில்பாரை எப்படிப் பிடிப்பீங்க?”

அண்ணா, நான் உயிரோடு எதிரில் உட்கார்ந்து போட்ட கையெழுத்து செல்லவில்லை. எனக்காக நீ போட்டது செல்லுகிறது.

ஒரே ஒரு வழி இருக்கிறது. ஜூலை முப்பதாம் தேதி ஆபீஸ் டாக்டர் முன்னால் முழுப் பையோடு பீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். முடிந்தால் ஓய்வு ரத்து. முடியாவிட்டால் அவ்வளவுதான். இன்று பன்னிரண்டாம் தேதி. என்னால் இப்போது மூன்று கிலோமீட்டர் முடியும். பை இல்லாமல்.

நீ அறியாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அதை நம்புகிறேன். ஆனால் உத்தரவின் நகல், கையெழுத்துக்குக் கீழே நீ எழுதிய விலாசத்துக்கே, உனக்குப் பதிவுத் தபாலில் வந்திருக்கிறது. ஒப்புகை அட்டை ஃபைலில் இருக்கிறது. மார்ச் பன்னிரண்டாம் தேதி வாங்கியிருக்கிறாய். மார்ச் இருபதாம் தேதி ‘ஓய்வெடு’ என்று எனக்கு எழுதினாய்.

தபால் வந்ததை ஒரு தபால்காரியிடமா மறைப்பாய்?


ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்.

வராந்தாவில் உன் ஆபீஸ் மனிதர் ஒருவர் வந்து, “ஓய்வு வேணும்ல உங்க தங்கச்சிக்கு?” என்று கேட்டார். “ஆமா சார், நல்லா ஓய்வு குடுங்க” என்றேன். அவர் தாளை நீட்டினார், நான் போட்டேன். சத்தியமாக விடுப்பு என்றுதான் நினைத்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் ஓய்வு என்றால் அதைத்தானே சொல்வார்கள்?

நகல் வந்தது உண்மை. ஆஸ்பத்திரி பில்களோடு சேர்த்துப் பிரிக்காமல் வைத்துவிட்டேன். இப்போதுதான் பார்த்தேன்.

என்னை மன்னித்துவிடு. பதில் எழுது.

அண்ணன்


ஜூலை 6

தங்கைக்கு,

நீ பதில் எழுதவில்லை. அதுவே பதில் என்று அண்ணி சொல்கிறாள். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

பிரிக்கவில்லை என்று எழுதியது பொய். வந்த அன்றே பிரித்தேன். லிஃப்ட் மோட்டார் அறையில் நின்று நாலு தடவை படித்தேன். ஆறு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த ஆறு மாதம் சத்தமில்லாமல் ஓடிவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தொன்பது நாளும் கண்ணாடிக்கு வெளியே நான் நின்றேன். உனக்காக மூச்சு விட்டது ஒரு மெஷின். நான் மெஷின்காரன். அதன் சத்தத்தில் சின்ன மாற்றம் கேட்டாலும் என் கை தானாக டூல்ஸ் பையைத் தேடியது. என்னால் ரிப்பேர் செய்ய முடியாத மெஷின் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நீ மேட்டில் மூச்சு வாங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உன்னை உட்கார வைக்க ஒரு தாள் தானாக என் கைக்கு வந்தது. விட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல்.

இத்துடன் ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். நான் கேட்டது விடுப்பு, பணி ஓய்வு என் தங்கை கேட்டதும் இல்லை, கேட்க நான் யாரும் இல்லை என்று எழுதி, சாட்சியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாவியும் இருக்கிறது. அது டூல்ஸ் பைக்குள் விழவே இல்லை. என் சட்டைப்பையில்தான் இருந்தது. பூட்டு இல்லாத சாவியை என்ன செய்வாயோ, எனக்குத் தெரியாது.

அண்ணன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? உங்கள் வலது கைக்கு ஒரு முத்தம், நீங்கள் ‘எதுவும் சொல்லாத’ அந்தக் கடிதத்துக்காக.

நான் தேறிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஒழுங்காக. ஒரு நாள் ஓட்டினால் ஒரு நாள் நடை மட்டும். பைக்குள் மணல் போட்டுப் பழகுகிறேன். முதல் வாரம் இரண்டு கிலோ, பிறகு நாலு, இன்று ஒன்பது. பன்னிரண்டு கிலோ வேண்டும். நெஞ்சு படபடத்தால் நிற்கிறேன். நிற்பதற்கு வெட்கப்படாமல் இருக்கத்தான் எனக்கு அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

மேட்டுத்தெருக்காரர்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு சந்து முனையிலும் ஒரு பழைய நாற்காலி. நான் உட்காருவதற்காம். டயாலிசிஸ் அம்மா தன் நாற்காலியைப் போட்டுவிட்டு, “சீக்கிரம் வேலைக்கு வாடி, அந்த மொபெட்காரனுக்கு என் பேரே தெரியாது” என்றார். இரண்டு வாரத்துக்கு முன்னால் மூன்று நாற்காலியிலும் உட்கார்ந்தேன். இப்போது ஒன்றில்தான்.

வலது கால் இன்னும் இழுக்கிறது. பதினைந்து நாள் இருக்கிறது. முடியுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவருடைய வாக்குமூலத்தை ஆபீஸில் கொடுத்து, முத்திரை குத்தி வாங்கிவிட்டேன். சாவியும் வந்தது. மற்றபடி அவருக்குச் சொல்ல இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்
உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 1

அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறாய் என்று அண்ணி எழுதியிருந்தார்கள். சரி. முதுகு எப்படி இருக்கிறது?

சோதனை முடிந்தது. உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்காதே.

முந்தாநாள் காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு கிலோ பையை எடை போட்டுக் கேரியரில் கட்டினார்கள். பின்னால் ஆபீஸ் காரில் டாக்டரும் சீலும். மூன்று மணி நேரம் அவகாசம். கீழ்த்தெருக்கள் ஒன்பதும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. உதட்டுக்குள் விலாசம் சொல்லிக்கொண்டே போனேன். மூச்சு உடைந்தால் வேகத்தைக் குறைத்தேன். கார்க்காரர் பின்னால் ஹாரன் அடித்தார். நான் கூட்டவில்லை.

மேட்டுத்தெருவில் கார் நுழையாது. இரண்டு பேரும் இறங்கி நடந்துதான் வர வேண்டும். முதல் வளைவு வரை மிதித்தேன். இரண்டாவது வளைவு, நான் மே மாதம் விழுந்த இடம், வந்தது. அண்ணா, மிதிக்கலாம் போலத்தான் இருந்தது. கால் சொன்னது, முடியும் என்று. நான் காலை நம்பவில்லை. இறங்கினேன். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினேன்.

“நில்லுங்க! எறங்கிட்டீங்க!” கீழேயிருந்து சீலின் குரல். வெற்றிக் குரல். ஆனால் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தது.

“எறங்கினா என்ன சார்?”

“ஃபெயிலு. சைக்கிள்ல சுத்தணும்னுதான் விதி.”

“விதியைக் காட்டுங்க.”

என்னிடமே விதியின் நகல் இருந்தது, அண்ணா. ஜூன் பன்னிரண்டிலிருந்து தினமும் படித்த நகல். நீ ஒரு சொல்லைச் சரியாகப் படிக்காததால் வேலையை இழந்தவள், அதற்கப்புறம் ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து எடுத்து, என் தகர டப்பாக் குரலில் சத்தமாகப் படித்தேன். ‘பணியாளர் முழுப் பையை ஏற்றிய சைக்கிளுடன் தமது பீட்டை மூன்று மணி நேரத்துக்குள் சுற்றி முடிக்க வேண்டும்.’

“சைக்கிளில்னு போடல சார். சைக்கிளுடன். நான் சைக்கிளுடன்தான் இருக்கேன். அது என் கையிலதான் இருக்கு, பாருங்க.”

“அதெல்லாம் ஒண்ணுதான்!”

“ஓய்வும் விடுப்பும் ஒண்ணு இல்லன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?”

சந்து முழுக்க வாசலில் ஆட்கள். யாரோ கைதட்டினார்கள். டாக்டர் சீலைப் பார்த்து, “இந்த மேட்டுல எந்த போஸ்ட்மேன்யா மிதிச்சுட்டுப் போறான்? எல்லாரும் தள்ளிட்டுத்தானே போவாங்க?” என்று கேட்டார். சீல் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

“விலாசம் சொல்லிப் பாருங்க சார், உதவும்” என்றேன். அவர் உட்கார நாற்காலியும் கொடுத்தேன்.

இரண்டு மணி நாற்பத்தாறு நிமிடம். டாக்டர் என் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ‘தகுதி’ என்று எழுதினார். இறங்கி வந்ததும் கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன், இனி நமக்குள் மறைக்கிற வேலை வேண்டாம்.

நாலாம் தேதி வந்து பையை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து எழுத்தில் உத்தரவு வரும் வரை தற்காலிகம்தானாம். அவர்கள் என்னை ஒரு சொல்லால் வெளியே தள்ளினார்கள். நான் ஒரு வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அதற்காக என் தலையில் குட்டிய டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. கோபம் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நீ நின்றதும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கேரியரில் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். எழுதிவிட்டுப் பார்க்கிறேன், அடிக்கத் தோன்றவில்லை. உங்கள் இருவரின் நலமும் அறிய ஆவல்.

நேற்றுக் காலை பை பிரிக்கும்போது பதிவுத் தபால் ஒன்று, தலைமை அலுவலகத்திலிருந்து. விலாசம் என் பீட்டு. என் தெரு. என் வீடு. கவர் மேல் என் பெயர். அங்கேயே பிரிக்கலாம் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். நான் பிரிக்கவில்லை. பதிவுத் தபாலை வீட்டு வாசலில்தான் பட்டுவாடா செய்ய வேண்டும். வரிசைப்படி எட்டுத் தெரு முடித்து, என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, மணி அடித்தேன். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, “உன் வீட்டுக்கு நீயே மணி அடிக்கறியே, புத்தி பெரண்டு போச்சா?” என்றார்.

ஒப்புகை அட்டையில் ‘பெற்றுக்கொண்டவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘கொடுத்தவர்’ என்ற இடத்திலும் போட்டேன். இரண்டும் நடுங்கின கையெழுத்து, இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இனி ரிஜிஸ்டரில் இதுதான் என் கையெழுத்து. பழையதை மாற்றிக்கொள்ளும்படி சீலிடம் மனு கொடுத்துவிட்டேன். முத்திரை குத்தினார்.

உத்தரவில் ‘ஓய்வு ரத்து’ என்று இருக்கிறது. இரண்டு முறை படித்தேன். இந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இல்லை.

மேட்டுத்தெரு நாற்காலிகளை எடுத்துவிடலாம் என்றேன். டயாலிசிஸ் அம்மா விடவில்லை. இப்போது அவர்கள்தான் சாயங்காலம் அதில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். மொபெட்காரருக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும் என்று நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவரையும் நாள்கூலிக்கு வைத்துக்கொண்டு மேடு ஏறப் பெட்ரோல்கூடக் கொடுக்காதவர்கள் இதே ஆட்கள்தான்.

உனக்கு விடுப்பு கிடைக்கும்போது அண்ணியோடு வா. பதினேழு படி இருக்கிறது, லிஃப்ட் இல்லை. புதுப் பூட்டு வாங்கியிருக்கிறேன். உன் பழைய சாவியை அதன் வளையத்திலேயே கோத்து வைத்திருக்கிறேன். எதையும் திறக்காது. சும்மா தொங்கட்டும்.

உன் தங்கை

பி.கு.: நேற்று அந்த இரண்டாவது வளைவில் நான் இறங்கவில்லை. உச்சி வரை மிதித்தேன், பச்சைக் கதவு, பின்பக்கப் படி, நாய் வரைக்கும். யாரும் பார்க்கவில்லை. நீயும் யாரிடமும் சொல்லிவிடாதே. ஆபீஸுக்குத் தெரிந்தால் அடுத்து வருகிறவர்களுக்கு அதையே விதியாக்கிவிடுவார்கள்.